இரு குழலும் ஓர் இலக்கும்

எங்கள் நாட்டில் இரட்டைக்குழல் என்ற சொல்லைக் கேட்டதும், பயிர்க் காவலுக்காகக் கமக்காரர் வைத்திருந்த சன்னத் துவக்கே பலருடைய நினைவுக்கு வரும். நான் இங்கே சொல்லப் போவது அதைப் பற்றியன்று. உருவத்தில் அதற்குத் தமையன் போன்றதாயினும், குணத்திலும் விலையிலும் முற்றிலும் வேறான ஒன்றைப் பற்றியது. சன்னத் துவக்கின் குழல் உட்புறம் வழுவழுப்பானது. ஒரு பிடி சன்னத்தை விசிறி எறிவது. றைபிளின் குழலோ உட்புறம் சுருள்சுருளாகப் புரி வெட்டப்பெற்றது. ஒற்றைக் குண்டைச் சுழற்றி நேர்வழியே செலுத்துவது. அத்தகைய புரிக்குழல்கள் இரண்டைப் பக்கம் பக்கமாகப் பிணைத்து ஒரே மரப்பிடியிற் பொருத்தினால் அதுவே இரட்டைக்குழல் றைபிள். இரண்டு குழல், இரண்டு விசை, இரண்டு சுத்தியல். இரண்டு துவக்குகள் ஒரே பிடியிலே குடித்தனம் நடத்துகின்றன என்றே சொல்லலாம்.

இன்று லண்டன் மாநகரின் புகழ்பெற்ற பட்டறைகளில் இத்தகைய றைபிள் ஒன்றைப் புதிதாகச் செய்விக்க விரும்புவோர், ஒரு லட்சம் பவுணுக்கு மேற் செலவிட ஆயத்தமாக இருத்தல் வேண்டும். அப்படியிருக்க, மாதச் சம்பளத்தில் வாழும் ஒருவர் இதனை வாங்கவும், வாங்கியதைச் சுடவும் முடியுமா? முடியும் என்பதை நான் கண்ணாரக் கண்டிருக்கிறேன். அதற்கு வேண்டிய மூலதனம் எது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

முதலில் இக்கருவி பிறந்த காரணத்தைச் சிறிது நோக்குவோம். வாய்வழியே மருந்திட்டுக் கெட்டித்த காலத்தில், ஒருமுறை சுட்ட துவக்கை மறுமுறை சுடுவதற்கு நீண்ட நேரம் பிடித்தது. பாய்ந்து வரும் விலங்கு அதுவரை பொறுத்து நிற்குமா? ஆதலால் இரண்டாவது குழல் உயிர்காக்கும் தோழனாயிற்று. நுவரெலியாவிலே குடியிருந்து வேட்டையாடிய சாமுவேல் பேக்கர், 1854ஆம் ஆண்டில் வெளியிட்ட தமது இலங்கை வேட்டை நூலிலே தம் ஆயுதங்களைப் பட்டியலிட்டுள்ளார். அவற்றுள் இரட்டைக்குழல் றைபிள்கள் நான்கு; ஒவ்வொன்றின் எடையும் பதினைந்து றாத்தல். அக்காலத்துத் துரைமார் அச்சுமையைத் தாமே சுமந்து திரிந்ததில்லை. எங்கள் நாட்டவரின் தோள்களே அவற்றைக் காட்டினூடே கொண்டு சென்றன. செல்வமும் ஏவலாளரும் உள்ளவர்க்கென்றே பிறந்த கருவி இது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

பின்னர் தோட்டாக்களைப் பின்புறமாக இடும் முறை வந்தது. 1898ஆம் ஆண்டளவில், றிக்பி என்னும் துவக்குக்காரர், கரும்புகை எழுப்பும் பழைய வெடிமருந்தை விடுத்து, கோர்டைற் என்னும் புகையில்லா மருந்தால் இயங்கும் பெருந் தோட்டாவை வெளியிட்டார். இவ்வாறு றைபிள்கள் இரு குலமாயின: முன்னையது கருமருந்துக் குலம், பின்னையது புகையில்லா மருந்துக் குலம். இவ்வேற்றுமையை வாசகர் மனத்தில் இருத்திக்கொள்ளல் நன்று. எளியவனின் பணமும் உயிரும் இதனைச் சார்ந்தே நிற்கின்றன.

இனி, விலைக்குக் காரணம் யாது? உருக்கு அன்று, சித்திரச் செதுக்கலும் அன்று. இரண்டு குழல்களும் இணைகோடுகளாய் இருக்கும் என்றே எவரும் எண்ணுவர். உண்மை வேறு. வலக்குழலைச் சுடும்போது, குண்டு குழலைவிட்டு நீங்குமுன்னரே துவக்கு மேலும் வலமுமாக அசைந்துவிடுகிறது. இடக்குழலைச் சுட்டால் இடப்புறம் அசைகிறது. இதனை ஈடுசெய்வதற்காகக் குழல்களின் முனைகள் உள்நோக்கிச் சற்றே நெருங்குமாறு பிணைக்கப்படுகின்றன. எவ்வளவு நெருங்க வேண்டும் என்பதைக் கணக்கினால் மட்டும் காண இயலாது. கம்மியர் சுட்டுப் பார்க்கிறார். ஒட்டிய பற்றாசை உருக்குகிறார். முனைகளுக்கிடையே உள்ள சிறு ஆப்பை மயிரிழையளவு நகர்த்துகிறார். மீண்டும் ஒட்டிச் சுடுகிறார். இரண்டு குழலின் குண்டுகளும் ஓரிடத்திற் கூடும்வரை இவ்வேலை நாட்கணக்காக நடைபெறும். வாங்குபவர் கொடுக்கும் பணத்தில் ஒரு பெரும் பங்கு இப்பொறுமைக்கே போகிறது.

இதிலே இன்னொரு நுட்பமும் உண்டு. இந்த ஒற்றுமை ஒரேயொரு தோட்டாவுக்கு மட்டுமே உரியது. குண்டின் எடையோ மருந்தின் அளவோ மாறினால் உறவு முறிந்துவிடும். குண்டு மெதுவாகச் சென்றால், துவக்கு அசைவதற்கு நேரம் மிகுதியாகக் கிடைக்கிறது. வலக்குழல் வலப்புறமும் இடக்குழல் இடப்புறமுமாகச் சுடும். மிக விரைந்து சென்றால் இரண்டும் குறுக்கே தாண்டிப் பக்கம் மாறிவிடும். இரண்டும் ஒன்றுகூடும் வேகம் ஒன்றே ஒன்றுதான்.

தொழில் நிமித்தம் நான் சில ஆண்டுகள் இங்கிலாந்தில் பேர்மிங்ஹாம் நகரிலே வசித்தேன். எனது அயல்வீட்டில், கடைசற் பட்டறையிலே வேலைசெய்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் இருந்தார். இலக்குச் சுடுதலே அவருடைய பொழுதுபோக்கு. ஓய்வூதியத்திலிருந்து மிச்சம் பிடித்து, நூறாண்டுக்கு மேற்பட்ட கருமருந்து இரட்டைக்குழல் ஒன்றைச் சில ஆயிரம் பவுணுக்கு அவர் வாங்கியிருந்தார். அரை அங்குலக் குழல். வெளியே துருத்தி நிற்கும் சுத்தியல்கள். புகழ்பெற்ற பெயர் எதுவும் அதிலே பொறிக்கப்பட்டிருக்கவில்லை.

“பெயருக்குப் பணம் கொடுப்பவன் பெயரையே சுடட்டும்” என்று அவர் நகைப்பார்.

அந்நகைப்பில் உண்மை இருந்தது. பேர்மிங்ஹாமின் துவக்குப் பேட்டையில் ஒரு துவக்கு பல கைகளின் வழியே உருவாயிற்று. குழல் செய்பவர் ஒருவர். பூட்டு அராவுபவர் இன்னொருவர். மரப்பிடி பொருத்துபவர் வேறொருவர். அவ்வாறு முடிக்கப்பெற்ற துவக்குகளில் எத்தனையோ வேற்றூர் வணிகர்களின் பெயரைத் தாங்கி விலைப்பட்டன. ஆகவே பெயரில்லாத துவக்கைச் செய்த கையும், பெரும் பெயர் கொண்ட துவக்கைச் செய்த கையும் சிலபோது ஒன்றே. வெஸ்லி றிச்சட்ஸ் பட்டறையைச் சேர்ந்த அன்சனும் டீலியும் 1875இல் கண்டறிந்த எளிய பெட்டிப் பூட்டும் இத்தகையதே. பக்கத் தகடு கொண்ட பூட்டின் கம்பீரம் அதற்கு இல்லை, விலையுங் குறைவு, உழைப்பிலோ அது யாதொன்றுக்கும் இளைத்ததன்று.

காலமும் எளியவனுக்குச் சிலபோது உதவியது. பெருந் தோட்டாக்களைச் செய்துவந்த பேர்மிங்ஹாமின் கைனொக் நிறுவனம் 1960களில் அவற்றைப் படிப்படியாகக் கைவிட்டது. தோட்டா இல்லாத துவக்கை யார் வாங்குவார்? அரண்மனைப் பொருள்கள் அக்காலத்திலே அடிமாட்டு விலைக்குப் போயின. 1990களில் கைனொக் என்ற பெயரிலேயே வேறொருவர் மீண்டும் தோட்டா செய்யத் தொடங்கினர், அமெரிக்கரும் செய்யலாயினர். விலையும் மீண்டும் ஏறிற்று. ஆயினும் வழக்கொழிந்த அளவுகளை உடைய கருமருந்துத் துவக்குகள் இன்றும் ஒப்பளவில் மலிவே. கடையில் தோட்டா கிடைக்காமையால் அவற்றைச் செல்வர் விரும்புவதில்லை. தாமே தோட்டா செய்யத் தெரிந்தவருக்கு அதனால் நட்டமில்லை.

இனி வாங்கும் முறை. மலிவான துவக்குகளுள் உலகிலேயே விலையுயர்ந்தது, பிணைப்பு விட்டுப்போன இரட்டைக்குழலே என்பது பெரியவரின் வாக்கு. பிணைப்பைப் பழுதுபார்த்து மீண்டும் இணக்குவிக்கும் கூலி, துவக்கின் விலையையே விழுங்கிவிடும். ஆதலால் அவர் குழல்களைப் பிடியிலிருந்து கழற்றித் தொங்கவிட்டு விரலாற் சுண்டிப் பார்ப்பார். மணிபோல் ஒலித்தால் பிணைப்பு உறுதியாயுள்ளது. உடைந்த சட்டிபோல் ஒலித்தால் எங்கோ பற்றாசு விட்டிருக்கிறது. பின்னர் குழலைப் பூட்டி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, குழலுக்கும் பூட்டுக்கும் இடையே ஒளி கசிகிறதா என்று நோக்குவார். இறுதியாக அடிப்புறத்திலுள்ள பரீட்சை இலச்சினைகளைப் படிப்பார். பேர்மிங்ஹாமில் 1813ஆம் ஆண்டிலே பரீட்சைச் சாலை நிறுவப்பட்டது. அங்கே பெருமருந்திட்டு வெடித்துத் தாங்கிய குழலுக்கே இலச்சினை இடுவர். கருமருந்துக்கு மட்டும் பரீட்சிக்கப்பட்ட குழலிலே புகையில்லா மருந்தை மனம்போனபடி இடுபவன், கண்ணையும் கையையும் பந்தயம் வைத்துச் சூதாடுகிறான்.

சட்டமும் ஒரு செலவே. இங்கிலாந்தில் றைபிள் வைத்திருப்போர் தக்க காரணம் காட்டிப் பொலிசாரிடம் அனுமதிப்பத்திரம் பெறவேண்டும். பூட்டிய இரும்புப் பெட்டியில் அதனைக் காக்கவேண்டும். கருமருந்து வாங்கி வைத்திருக்க வேறோர் அனுமதி தேவை. வழக்கொழிந்த சில பழைய அளவுகளை அலங்காரப் பொருளாக வைத்திருக்க விலக்கு உண்டு. ஆனால் சுடுவதற்கென்று எண்ணிய கணமே அவ்விலக்கு நீங்கிவிடும்.

சுடும் செலவோ வியப்பூட்டுவது. இன்றைய கடையிற் புகையில்லா மருந்துப் பெருந் தோட்டா ஒன்றைப் பத்துப் பவுணுக்குக் குறைவாக வாங்குதல் அரிது. பெரியவர் பித்தளைக் கோதுகள் இருபது வாங்கினார். அவற்றையே கழுவித் துடைத்து மீண்டும் மீண்டும் நிரப்பினார். பழைய ஈயத்தை உருக்கிச் சிறிது வெள்ளீயஞ் சேர்த்து அச்சில் வார்த்தார். ஒவ்வொரு குண்டையும் மெல்லிய தாளினாற் சுற்றினார். பழையோர் வழக்கும் அதுவே. சுட்ட அன்றே வெந்நீரூற்றிக் குழலைக் கழுவினார். கருமருந்தின் கசடு ஓரிரவு தங்கினாலும் துரு பிடித்துவிடும். ஒரு வெடிக்கு ஆன செலவு ஒரு கோப்பை தேநீரின் விலையைத் தாண்டவில்லை.

ஆனால் ஒரு குறை இருந்தது. அத்துவக்கின் மரப்பேழை மூடியினுள்ளே, எந்தத் தோட்டாவுக்கு அது இணக்கப்பட்டது என்று அறிவிக்கும் சீட்டு கிழிந்துபோய், பசைக்கறை மட்டுமே எஞ்சியிருந்தது. துவக்கு இருக்கிறது, அதன் மொழி தொலைந்துவிட்டது. பெரியவர் ஒரு மாரிகாலம் முழுவதும் அம்மொழியைத் தேடினார். பழைய நூல்களில் அவ்வளவுத் துவக்குக்குக் குறிக்கப்பட்ட மருந்தெடையை எல்லையாகக் கொண்டு, அதற்குக் கீழிருந்தே தொடங்கினார்.

ஒருநாள் நானும் அவருடன் சுடுகளத்துக்குப் போயிருந்தேன். ஐம்பது யாரில் வெள்ளைத் தாள். வலக்குழல் நான்கங்குலம் வலப்புறம். இடக்குழல் ஏறக்குறைய அவ்வளவே இடப்புறம். மருந்து போதாது என்று துவக்கே சொல்லிற்று. அடுத்த தோட்டாக்களிற் சிறிதளவு கூட்டியிருந்தார், இடைவெளி குறைந்தது. எல்லையை எட்டுமுன் அவர் தயாரித்த தோட்டாக்கள் தீர்ந்துபோயின. களத்தில் நின்ற ஒருவர் தம்மிடமிருந்த வேறு மருந்தைக் கொடுத்து, விரைவில் முடித்துவிடலாமே என்றார். பெரியவர் நன்றி கூறி மறுத்துத் துவக்கைப் பெட்டியில் வைத்தார். “இது நூறாண்டு பொறுத்தது, நான் ஒரு மாதம் பொறுக்கக் கூடாதா?” என்பதே அவர் சொன்ன மறுமொழி. மறுமாதம் நான்கு குண்டுகளும் ஒரு தேநீர்ச் சாசருக்குள் அடங்கின. அவர் ஆரவாரம் செய்யவில்லை. தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

இத்தனை வல்லமை வாய்ந்த கருவி வெறுந் தாளைத் துளைப்பதற்கா என்று சிலர் கேட்பர். அதுவே நன்று என்பேன் நான். 1,400க்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றவர் எனப் பெயர்பெற்ற மேஜர் றொஜர்ஸ், 1845இல் ஹப்புத்தளையில் இடிவிழுந்து மாண்டார். அவர்போன்றோர் வெறுமையாக்கிய காடுகளின் கதையை நாம் அறிவோம். கெனியா 1977இல் வேட்டையைத் தடைசெய்தது. இந்தியாவின் வனவிலங்குச் சட்டம் 1972இல் வந்தது. யானையைச் சுடுவதற்குச் செல்வம் போதுமாயிருந்தது. இரு குழலையும் ஒரு புள்ளியிற் கூட்டுவதற்கோ அறிவும் பொறுமையும் வேண்டியிருக்கின்றன. பின்னதே எனக்கு உயர்ந்த வேட்டையாகத் தோன்றுகிறது.

இரட்டைக்குழல் வாங்க விரும்பும் எளியவருக்கு வேறு வழிகளும் உண்டு. ஒரு குழல் புரியுடையதும் மற்றது சன்னத்துக்குரியதுமாகத் தென்னாபிரிக்காவிற் பெருவழக்காயிருந்த கேப் துவக்கு ஒன்று. குழலின் முனையில் மட்டும் புரி வெட்டி, சன்னமும் குண்டும் ஒருங்கே சுடும்படி பொஸ்பெரி 1885இல் அமைத்த பரடொக்ஸ் இன்னொன்று. ருஷியாவின் இஷெவ்ஸ்க் ஆலையோ, குழல் முனையிலே திருகாணி வைத்து, உரிமையாளரே இரு குழலையும் இணக்கிக்கொள்ளும் மலிவான இரட்டைக்குழலைச் செய்தது. கம்மியரின் பல நாள் உழைப்பை ஒரு திருகாணியிடம் ஒப்படைத்த விந்தை அது. எனினும் திருகாணியைத் திருப்புபவனுக்கும் பொறுமை வேண்டும்.

பெரியவரின் மக்கள் எவருக்கும் துவக்கில் நாட்டமில்லை. தமக்குப் பின் அது அனுமதி பெற்ற வேறொருவரிடம் போய்ச் சேரும் என்பதை அவர் நன்கறிந்திருந்தார். அதனால் ஒருநாள், மருந்தின் வகை, அதன் எடை, குண்டின் எடை, சுற்றிய தாளின் பருமன், அன்றைய வெப்பநிலை ஆகியவற்றைத் திருத்தமான கையெழுத்தில் ஒரு சீட்டிலே எழுதி, பேழை மூடியில் அந்தப் பழைய பசைக்கறையின் மேலேயே ஒட்டினார். “துவக்கை விற்பதற்கு ஆள் உண்டு, இந்தக் கணக்கை விற்பதற்கு எவருமில்லை” என்றார். தமது பெயரை அவர் அதிலே எழுதவில்லை.