மோரிஸ் மைனருக்குப் பொருந்தும் பாகம் எது?

பூட்டுக்கு ஏற்ற சாவிதான் பூட்டைத் திறக்கும் என்பது சிறு பிள்ளைக்கும் தெரியும். சாவி மாறினால் பூட்டுத் திறக்காது, அவ்வளவே. ஆனால் மோட்டார் வண்டியில் பாகம் மாறினால், வண்டி சிறிது தூரம் ஓடவும் செய்யும். பிறகு நடுவழியில் கைவிட்டுவிடும். எனவே, பழைய வெளிநாட்டுச் சிறிய கார் ஒன்றுக்குச் சரியான மாற்றுப் பாகத்தைக் கண்டறிவது எப்படி என்று இங்கே விளக்க விரும்புகிறேன்.

‘மோரிஸ் மைனர்’ காரை எடுத்துக்கொள்வோம். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த இக்கார் 1948-இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. 1971 வரை ஏறத்தாழ 16 இலட்சம் வண்டிகள் உருவாயின. நம் நாட்டிற்கும் பல வந்தன. என் தந்தையார் ஒரு பட்டறையில் மெக்கானிக். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். அவரிடம் இன்றும் பழுதுபார்க்க வரும் இரண்டொரு மைனர் கார்களே எனக்கு இயற்பியலின் முதற் பாடங்கள்.

முதலில் வண்டியின் பெயரை மட்டும் நம்பக் கூடாது. ‘மைனர் 1000’ என்னும் ஒரே பெயரில் 1956 முதல் 948 சி.சி. எஞ்சினும், 1962 முதல் 1098 சி.சி. எஞ்சினும் வந்தன. அதற்கு முன்பு 803 சி.சி. எஞ்சின் இருந்தது. மேலும், அறுபது ஆண்டுகளில் யாரேனும் எஞ்சினையே மாற்றியிருக்கலாம். ஆகவே எஞ்சினில் உள்ள எண் தகட்டைத் துடைத்துப் படிக்க வேண்டும். ‘9எம்’ என்று தொடங்கினால் 948. ‘10எம்ஏ’ என்றால் 1098.

தகடு இல்லையென்றால் என்ன செய்வது? அளந்து பார்க்கலாம். சிலிண்டரின் விட்டம் சுமார் 62.9 மில்லிமீட்டர், பிஸ்டனின் ஓட்டம் 76.2 மில்லிமீட்டர் என்றால், நாம் பள்ளியில் படித்த உருளைக் கன அளவு வாய்பாட்டில் இட்டு நான்கால் பெருக்குங்கள். 948-க்கு அருகில் விடை வரும். ரீபோர் செய்த எஞ்சினில் சிலிண்டர் 10, 20, 30 அல்லது 40 ‘தௌ’ பெரிதாகியிருக்கும். ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டன் வேண்டும். கிராங்க் ஷாஃப்டைக் கடைந்தாலோ அது மெலியும். அதற்கு அண்டர்சைஸ் பேரிங் வேண்டும். ஒன்று கூடுவது, மற்றது குறைவது.

அடுத்தது மரை. மைனரில் பெரும்பாலும் யூ.என்.எஃப். என்னும் அங்குல மரையே உண்டு. அதன் 5/16 அங்குல போல்ட்டின் விட்டம் 7.94 மில்லிமீட்டர். கடையில் எளிதில் கிடைக்கும் 8 மில்லிமீட்டர் போல்ட் கண்ணுக்கு அதைப் போலவே தோன்றும். ஆனால் முன்னதில் அங்குலத்துக்கு 24 மரை. அதாவது மரைக்கு மரை 1.06 மில்லிமீட்டர். பின்னதில் 1.25 மில்லிமீட்டர். ஐந்து மரைக்குள் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வேறுபாடு வந்துவிடும். ஓரிரு சுற்று ஏறும், பிறகு இறுகும். ஸ்பேனரால் வலிந்து திருகினால் மரை சிதையும். ‘கையால் ஏறாத நட்டை ஸ்பேனரால் ஏற்றாதே’ என்பது தந்தையாரின் கட்டளை.

மின்சாரத்திலும் ஒரு கவனம் தேவை. இன்றைய கார்களில் பேட்டரியின் எதிர்முனை உடற்பகுதியோடு இணைந்திருக்கும். மைனரில் நேர்முனையே அவ்வாறு இணைந்திருந்தது. இதை அறியாமல் புதிய மின்னணுக் கருவிகளைப் பொருத்தினால் அவை எரிந்துபோகும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது பிரேக். 948 வண்டியில் முன் சக்கர டிரம் 7 அங்குலம். 1098 வண்டியில் 8 அங்குலம். சென்ற ஆண்டு ஒருவர் ‘மைனர் 1000’ என்று மட்டும் சொல்லி 7 அங்குல பிரேக் ஷூ வாங்கி வந்தார். வண்டியோ 8 அங்குலம். பழைய லைனிங் ரிவெட் தெரியும் அளவு தேய்ந்திருந்தது. மறுநாள் மகள் திருமணம், எப்படியாவது ஓட்டிக்கொள்கிறேன் என்று மன்றாடினார். தந்தையார் சாவியைத் தரவில்லை. “திருமணத்துக்கு வாடகைக் கார் கிடைக்குமய்யா, உயிர் கிடைக்காது” என்றார். அன்றைய கூலியும் போயிற்று. அந்த மாதம் எங்கள் வீட்டில் அது சிறிய தொகையன்று.

பாகம் எங்கே கிடைக்கும்? சென்னைப் புதுப்பேட்டை போன்ற பழைய பாகச் சந்தைகளில் தேடலாம். இங்கிலாந்தில் இன்றும் புதியவை விற்கப்படுகின்றன. 1990-களில் இலங்கையில் மைனருக்கான தகட்டுப் பாகங்களைச் செய்து இங்கிலாந்துக்கே அனுப்பினார்கள்! புஷ், ஸ்பேசர் போன்ற எளியவற்றை நம் ஊர் லேத்திலேயே கடைந்து கொள்ளலாம். ஆனால் பிரேக் ரப்பர்களில் சிக்கனம் கூடாது. அவற்றின் மீது எஞ்சின் எண்ணெய் பட்டாலே ஊதிக் கெட்டுவிடும். கடைக்குப் போகும்போது மூன்றை மறவாதீர்கள்: எஞ்சின் எண், எடுத்த அளவு, கழற்றிய பழைய பாகம்.

நண்பர்களே! எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான். ஆய்வகத்தில் வெர்னியர் காலிப்பரை முதன்முறை எடுத்தபோது அது எனக்குப் புதிதாக இல்லை. பட்டறையில் பார்த்துப் பழகியதே. மரையின் கோணம் ஏன் 60 பாகை என்பதைப் புத்தகம் சொல்லும். அது சிதையப் போகிறது என்பதைத் தந்தையாரின் விரல் சொல்லும். இரண்டும் சேர்ந்ததே முழுமையான அறிவு. பட்டறையில் உழைப்பவரைப் படிக்காதவர் என்று எளிதாகச் சொல்லிவிடாதீர்கள். அளவறிந்து வாழ்பவர் அவர்.