வங்கி பார்த்துவிட்டது என்று நம்பிப் பழைய வீடு வாங்காதீர்கள்

இங்கிலாந்தில் முதல்முறை வீடு வாங்குகிறவர்கள் பலர் இப்படிச் சொல்லிக்கொள்கிறார்கள்: “வங்கியிலிருந்து ஆள் வந்து வீட்டைப் பார்த்துவிட்டார், கடனும் கிடைத்துவிட்டது. குறை இருந்தால் கொடுத்திருப்பார்களா?” கொடுப்பார்கள். நீங்கள் தவணை கட்டத் தவறினால் இந்த வீட்டை விற்றுக் கடனைத் திரும்ப எடுக்க முடியுமா என்பதுதான் வங்கியின் கவலை. அந்த மதிப்பீட்டுக்கு நீங்களே கட்டணம் செலுத்தியிருந்தாலும் அது வங்கிக்காக எழுதப்பட்டது. சில நேரம் மதிப்பீட்டாளர் வாசல் வரைகூட வருவதில்லை. அக்கம்பக்கத்து விற்பனை விலைகளை வைத்துக் கணினியே கணக்குப் போட்டுவிடும். கூரை ஒழுகுகிறதா, சுவர் விலகுகிறதா என்று பார்த்துக்கொள்வது வாங்குகிறவர் பொறுப்பு. ஆங்கிலேயச் சட்டம் பல நூற்றாண்டுகளாகச் சொல்வது இதைத்தான்.

செயின்ட் ஆல்பன்ஸ் போன்ற ஊரில் இந்த நம்பிக்கைக்குக் கொடுக்கும் விலை அதிகம். ஹார்ட்ஃபர்ட்ஷையரில் உள்ள இந்த ஊர், ரோமானியர்களின் வெருலாமியம் நகரை ஒட்டி வளர்ந்தது; அந்தப் பழைய நகரின் செங்கற்களை எடுத்துத்தான் நார்மன் காலத்தில் மடாலயத்தைக் கட்டினார்கள். 1868இல் மிட்லண்ட் ரயில் பாதை வந்தது. இன்று விரைவு ரயிலில் லண்டன் செயின்ட் பாங்க்ரஸுக்குச் சுமார் 20 நிமிடம். லண்டனில் வேலை, இங்கே குடியிருப்பு என்று விரும்புகிறவர்கள் ஏராளம். சுற்றிலும் கட்டடங்களுக்குக் கட்டுப்பாடுள்ள பசுமை வளையம் என்பதால் புதிதாகக் கட்ட இடம் குறைவு. எனவே நூறு வயதைக் கடந்த வீடுகளுக்குப் போட்டி. ஒரே வீட்டுக்கு மூன்று பேர் நிற்கும்போது, ஆய்வு வைத்தால் தாமதமாகும், வீடு கைநழுவும் என்ற அவசரம் எஸ்டேட் ஏஜென்ட் மூலம் வந்து சேரும். அவர் விற்பவரின் ஆள். அந்த அவசரத்துக்கு இணங்காதீர்கள்.

முதலில் மண்ணைப் பற்றிச் சொல்லவேண்டும். ஊருக்கு அடியில் சுண்ணப்பாறை. பல இடங்களில் அதன்மேல் களிமண்ணும் சக்கிமுக்கிக் கல்லும் கலந்த படிவு. அந்தக் களிமண்ணைத் தோண்டிச் செங்கல் சுட்டார்கள். தோண்டிய குழிகளை நிரப்பி, பிற்காலத்தில் அவற்றின்மேல் தெருக்கள் போட்டார்கள். 2015 அக்டோபர் 1 அதிகாலையில் ஃபான்ட்மெல் குளோஸ் என்ற சிறு தெருவில் சாலை இடிந்து, ஏறக்குறைய 20 மீட்டர் அகலமும் 10 மீட்டர் ஆழமுமாகப் பள்ளம் விழுந்தது. யாருக்கும் காயமில்லை, ஆனால் குடும்பங்கள் வீட்டைவிட்டு வெளியேற வேண்டியிருந்தது. அது பழைய செங்கல் சூளை நிலம். பக்கத்து ஊரான ஹெமெல் ஹெம்ஸ்டெட்டின் ஹைபார்ன்ஸ் பகுதியில் 2007இல் பழைய சுண்ணப்பாறைச் சுரங்கம் உள்வாங்கியது.

வீட்டைப் பார்க்க வரும் சர்வேயரின் கண் நிலத்துக்கு அடியில் போகாது. அதற்கு உங்கள் வழக்கறிஞரான சொலிசிட்டர் எடுக்கும் சுற்றுச்சூழல் தேடல் அறிக்கை வேண்டும். அதில் நில உறுதி பற்றிய பகுதி இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். நீங்களாகச் செய்யக்கூடியது ஒன்றும் உண்டு. ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் இணையதளத்தில் இங்கிலாந்தின் பழைய ஆர்ட்னன்ஸ் சர்வே வரைபடங்களைக் காசில்லாமல் பார்க்கலாம். நீங்கள் வாங்கப்போகும் தெரு இருக்கும் இடத்தில் நூறு ஆண்டுகளுக்கு முன் சூளையோ குழியோ குறிக்கப்பட்டிருந்தால், அந்தப் பக்கத்தை அச்செடுத்துச் சர்வேயரிடமும் சொலிசிட்டரிடமும் கொடுங்கள். காப்பீட்டு நிறுவனத்தையும் முன்பே கேட்டுவிடுங்கள். நிலம் தாழ்வதற்கான பாதுகாப்பை அந்த முகவரிக்குத் தருவார்களா, முதலில் உங்கள் கையிலிருந்து எவ்வளவு போகும் என்று.

இனி வீடு. ஃபிஷ்பூல் தெரு போன்ற பழைய தெருக்களில் முன்பக்கம் செங்கல்லாகத் தெரியும் வீட்டுக்குப் பின்னால் அதைவிடப் பழைய மரச்சட்டம் மறைந்திருக்கலாம். ரயில் வந்தபின் எழுந்த விக்டோரியா காலத் தொடர்வீடுகளோ பெரும்பாலும் திடச்சுவர்கள். இன்றைய வீடுகளைப்போல இரு சுவருக்கு நடுவே இடைவெளி கிடையாது. செங்கல்லின் நீண்ட பக்கமும் குறுகிய பக்கமும் மாறிமாறி வந்தால் அநேகமாக அது திடச்சுவர்தான். அவற்றைச் சுண்ணாம்புச் சாந்தில் கட்டினார்கள். மழையில் நனைந்த சுவர், வெயிலிலும் காற்றிலும் அந்தச் சாந்து வழியாகவே உலர்ந்துவிடும். பிறகு வந்தவர்கள் மேலே சிமென்ட் பூசிவிட்டால் ஈரம் வெளியேற வழியில்லை. செங்கல்லின் முகம் பொரிந்து உதிரும், உள்பக்கம் ஈரம் காட்டும்.

இந்த ஈரத்தில்தான் அதிகப் பணம் வீணாகிறது. இரண்டு முனையுள்ள சிறு கருவியைச் சுவரில் குத்தி, “ஈரம் தரையிலிருந்து ஏறுகிறது, மருந்து ஊசி போடவேண்டும்” என்று சொல்பவர்கள் உண்டு. அந்தக் கருவி மரத்துக்கென அளவிடப்பட்டது. சுவரில் உப்பு இருந்தாலே எண் ஏறிவிடும். இலவசமாகப் பார்த்துத் தருகிறோம் என்று வருபவர் அந்த ஊசியையும் விற்பவராக இருந்தால், அவர் தீர்ப்பை நம்பி ஆயிரக்கணக்கில் செலவு செய்யாதீர்கள். உண்மைக் காரணம் பல வீடுகளில் எளிது: உடைந்த மழைநீர்க் குழாய், அடைபட்ட காற்றுத்துளைச் செங்கல், வீட்டுத் தரைமட்டத்துக்கு மேல் உயர்ந்துவிட்ட தோட்டத்து மண். 2022இல் சர்வேயர்களின் தொழில் அமைப்பான ஆர்ஐசிஎஸ், பாரம்பரியக் கட்டடங்களைக் கவனிக்கும் அரசு அமைப்பான ஹிஸ்டாரிக் இங்லண்ட், ஈரப் பழுது பார்க்கும் நிறுவனங்களின் சங்கமான பிராபர்ட்டி கேர் அசோசியேஷன் மூன்றும் சேர்ந்து, பழைய கட்டடத்தில் ஈரத்தின் காரணத்தை முறையாகக் கண்டபின்பே மருத்துவம் என்ற நிலைப்பாட்டை வெளியிட்டன. உங்கள் சர்வேயர் அதை அறிந்தவரா என்று கேட்பதில் தவறில்லை.

கூரையில் ஸ்லேட் இருந்த இடத்தில் கனமான கான்கிரீட் ஓடு மாற்றியிருந்தால், அந்தப் பாரத்தைத் தாங்க மரச்சட்டத்தை வலுப்படுத்தினார்களா என்று பார்க்கவேண்டும். அறையைப் பெரிதாக்கப் புகைபோக்கியின் கீழ்ப்பகுதியை இடித்துவிட்டு மேற்பகுதியை அப்படியே விட்டுவைப்பதும் பழைய வீடுகளில் அடிக்கடி காணும் ஆபத்து. நாரிச் நகரில் ஒரு பெண் வாங்கிய சிறு வீட்டில் இதுதான் நடந்தது. கடன் தந்த நிறுவனத்தின் மதிப்பீட்டு அறிக்கையை நம்பி வாங்கினார். பிறகு தாங்கலில்லாத புகைபோக்கிச் செங்கற்கள் கூரையைப் பொத்துக்கொண்டு உள்ளே விழுந்தன. 1989இல், அன்று நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை அவர் பக்கம் தீர்ப்பளித்தது. எளிய வீடு வாங்குபவர் அந்த அறிக்கையைத்தான் நம்புவார் என்று மதிப்பீட்டாளருக்குத் தெரியும், எனவே அவருக்குப் பொறுப்பு உண்டு என்றது. ஆனால் விலையுயர்ந்த வீடுகளுக்கு இது அப்படியே பொருந்தாமல் போகலாம் என்றும் அந்தத் தீர்ப்பில் சொல்லப்பட்டிருக்கிறது. செயின்ட் ஆல்பன்ஸ் விலையில் வீடு வாங்குகிறவர் அந்தத் தீர்ப்பை நம்பி உட்காரக் கூடாது.

ஆகவே உங்களுக்கென ஒரு ஆய்வு வேண்டும். அதற்கு ஆர்ஐசிஎஸ் மூன்று நிலைகளை வகுத்திருக்கிறது. முதல் நிலை மேலோட்டமானது. இரண்டாம் நிலை, வழக்கமான முறையில் கட்டப்பட்டு ஓரளவு நல்ல நிலையில் இருக்கும் வீட்டுக்கு. பழைய வீடு, மாற்றிக் கட்டிய வீடு, பாரம்பரியச் சிறப்புக்காகச் சட்டப் பாதுகாப்புப் பெற்ற ‘பட்டியலிடப்பட்ட’ கட்டடம் என்றால் மூன்றாம் நிலைதான். பழுதின் காரணம், விட்டுவைத்தால் என்ன ஆகும், எப்படிச் சரிசெய்வது என்று அதில்தான் விளக்கம் இருக்கும். செலவு பெரிய வீட்டுக்கு ஆயிரம் பவுண்டைத் தாண்டலாம். ஏஜென்ட் கைகாட்டும் ஆளை எடுக்கவேண்டிய கட்டாயம் இல்லை. ஏஜென்ட்டுக்குப் பரிந்துரைக் கட்டணம் கிடைக்கிறதா என்று கேளுங்கள், அவர் மறைக்கக் கூடாது.

அறிக்கை வந்ததும் எல்லோரும் சிவப்பு நிறத்தில் 3 என்று குறித்த பழுதுகளைத் தேடுவார்கள். அதைவிடக் கவனமாகப் படிக்கவேண்டியவை ‘பார்க்க முடியவில்லை’, ‘மேலும் ஆராயவேண்டும்’ என்ற வரிகள். சர்வேயர் விற்பவரின் தரைவிரிப்பைக் கிழிக்கமாட்டார், கனமான அலமாரியை நகர்த்தமாட்டார். மின்சாரம், எரிவாயு, கழிவுநீர்க் குழாய் ஆகியவற்றைச் சோதிப்பதும் அவர் வேலையல்ல. பரண் கதவு பூட்டியிருந்தது என்று எழுதியிருந்தால், திறந்து வைக்கச் சொல்லி மறுபடி பார்க்கச் செய்யுங்கள். குழாய்க்குள் கேமரா விட்டுப் பாருங்கள் என்று அவர் சொல்லியும் நீங்கள் விட்டுவிட்டால், நாளை அவரைக் குறைசொல்ல வழியிருக்காது.

இதையெல்லாம் எக்ஸ்சேஞ்ச் எனப்படும் ஒப்பந்தப் பரிமாற்றத்துக்கு முன் முடிக்கவேண்டும். அதுவரை விலை பேசியது பேச்சு மட்டுமே. இரு தரப்பும் விலகலாம். கட்டிய ஆய்வுக் கட்டணமும் சொலிசிட்டர் கட்டணமும் போகும், அவ்வளவுதான். எக்ஸ்சேஞ்ச் ஆனபின் விலகினால் வழக்கமாகக் கட்டும் 10 சதவீத முன்பணம் போய்விடும். வழக்கமான ஒப்பந்த விதிகளின்படி அன்றிலிருந்தே வீட்டுக்கு வரும் சேதமும் உங்கள் தலையில். காப்பீடும் அன்றே தொடங்கவேண்டும். பழுதுக்குத் தொழிலாளர்களிடம் எழுத்தில் மதிப்பீடு வாங்கி, அதைக் காட்டி விலையைக் குறைக்கக் கேளுங்கள். ஆதாரத்தோடு கேட்பது கௌரவக் குறைவல்ல.

வீடு பட்டியலிடப்பட்டதா என்பதை ஹிஸ்டாரிக் இங்லண்ட் பட்டியலில் இலவசமாகப் பார்க்கலாம். பட்டியலில் இருந்தால், அனுமதியின்றி அதை மாற்றிக் கட்டுவது குற்றம். செய்தவர் முந்தைய உரிமையாளரானாலும், பழையபடி ஆக்கு என்ற உத்தரவு இன்றைய உரிமையாளருக்கு வரலாம். அந்த நடவடிக்கைக்குக் காலவரம்பும் இல்லை. எனவே புது ஜன்னல், இடித்த சுவர், பரண் அறை ஒவ்வொன்றுக்கும் அனுமதிக் காகிதத்தைச் சொலிசிட்டர் மூலம் கேளுங்கள். வீட்டைப் பற்றி விற்பவர் நிரப்பித் தரும் டிஏ6 படிவத்தில் பொய் சொல்லியிருந்தால் 1967ஆம் ஆண்டின் தவறான கூற்றுச் சட்டப்படி இழப்பீடு கோரலாம். ஏஜென்ட் வாய்மொழியாகச் சொன்னதை நிரூபிப்பது கடினம்.

சர்வேயரே கவனக்குறைவாக இருந்தால்? 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி அவர் நியாயமான கவனத்தோடும் திறனோடும் வேலை செய்திருக்கவேண்டும். ஆனால் இழப்பீட்டின் அளவைத் தெரிந்துகொள்ளுங்கள். 1991இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கில் வீட்டை வாங்கிய விலை 1,77,500 பவுண்டு. பழுதோடு அதன் உண்மை மதிப்பு 1,62,500. பழுது பார்க்க ஆன செலவு ஏறக்குறைய 34,000. நீதிமன்றம் வீட்டுக்காகக் கொடுத்தது மதிப்பு வித்தியாசமான 15,000 பவுண்டு. சர்வேயர் தவறவிட்டால் முழுச் செலவும் வந்துவிடும் என்று எண்ணுகிறவர்கள் இந்தக் கணக்கை மனத்தில் வைக்கவேண்டும்.

புகாரை முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் அனுப்புங்கள். ஆர்ஐசிஎஸ் ஒழுங்குமுறையில் உள்ள நிறுவனம் புகார் நடைமுறையும், அதற்கு வெளியே சுதந்திரமான தீர்வு ஏற்பாடும், தொழில் காப்பீடும் வைத்திருக்கவேண்டும். ஆர்ஐசிஎஸ் உறுப்பினரை ஒழுங்கு நடவடிக்கைக்கு உட்படுத்தலாம், இழப்பீடு வாங்கித் தராது. வழக்குப் போட ஒப்பந்த மீறலுக்கு 6 ஆண்டு. மறைந்திருந்த பழுது பிறகு தெரிந்தால், தெரிந்த நாளிலிருந்து 3 ஆண்டு அவகாசம் கிடைக்கலாம், ஆனால் கவனக்குறைவு நடந்து 15 ஆண்டு ஆகிவிட்டால் முடியாது. ஆபத்தில்லாத பழுது என்றால் உடனே சரிசெய்துவிடாதீர்கள். முதலில் தேதியோடு படம் எடுத்து, வேறொரு சர்வேயரிடம் அறிக்கை வாங்கி, பழைய நிறுவனத்தார் நேரில் வந்து பார்க்கவும் வாய்ப்புக் கொடுத்தபிறகு கொத்தனாரை அழையுங்கள்.