களஞ்சியமும் கையேடும்

கணிப்பொறிக்கான நிரல் ஓரிடத்தில் வளர்ந்துகொண்டிருக்க, அதனை விளக்கும் கையேடு மற்றோரிடத்தில் பழைய நிலையிலேயே கிடப்பது நாம் அடிக்கடி காணும் குறையாகும். கையேட்டை நம்பி வேலை செய்பவர் அதனால் வழி தவறுகின்றார். இக்குறையை நீக்கவே, கையேட்டையும் நிரலோடு ஒரே களஞ்சியத்தில் வைத்து, அதனை ஆவணக் கருவியுடன் இணைக்கின்றனர்.

களஞ்சியம் என்பது யாது? 2005-ஆம் ஆண்டில் லைனஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய ‘கிட்’ என்னும் கருவி, கோப்புகளோடு அவற்றில் நேர்ந்த மாற்றங்களையும், மாற்றியவர் பெயரையும், நாளையும் சேர்த்துக் காக்கின்றது. களஞ்சியத்தைப் படியெடுப்பவருக்குப் பொதுவாக அவ்வரலாறு முழுவதும் கிடைத்துவிடுகிறது.

இதன் அருமையை அந்தமானில் வாழும் நம்மவர் நன்குணர்வர். சென்னையிலிருந்து ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளக் கடலடி வடம் 2020 ஆகஸ்டு 10-ஆம் நாள் தொடங்கிவைக்கப்படும் வரை, தீவுகளின் இணையத் தொடர்பு செயற்கைக்கோளையே சார்ந்திருந்தது. போர்ட் பிளேர் என வழங்கிவந்து, 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் பெற்ற நகரில் இருப்பவர், தொடர்பு அறுந்த வேளையிலும் தம் படியில் எழுதிப் பதியலாம்; தொடர்பு மீண்டதும் அனுப்பிவைக்கலாம்.

இணைப்புக்கு வேண்டுவன மூன்று. முதலாவது, களஞ்சியத்தின் முகவரியும், எந்தக் கிளையைப் படிக்கவேண்டும் என்னும் குறிப்பும். இரண்டாவது, உள்ளே செல்லும் உரிமை. பக்கங்களை வெளியிட மட்டும் செய்யும் கருவிக்குப் படிக்கும் உரிமையே போதும். எழுதும் உரிமையை அளிப்பது வீண் அபாயம். மூன்றாவது, அறிவிப்பு. புதிய மாற்றம் வந்ததும் களஞ்சியம் கருவிக்குச் சிறு செய்தி அனுப்பும்; கருவி புதிய எழுத்தைப் பெற்றுப் பக்கங்களை மீண்டும் அமைக்கும். ‘ரீட் த டாக்ஸ்’ இவ்வாறே இயங்குகின்றது.

‘கிட்புக்’ போன்ற சில கருவிகளில் பக்கத்திலேயே திருத்தி, அதனைக் களஞ்சியத்துக்குத் திருப்பியனுப்பவும் இயலும். அங்கே முதல் இணைப்பின்போது, எப்பக்கத்து எழுத்து முதன்மையானது என்று கருவி கேட்கும். அவசரத்தில் வெறுமையான பக்கத்தைக் குறித்துவிட்டால், எழுதி வைத்தவை மறைந்துபோகும். களஞ்சியத்தில் இருந்தவை வரலாற்றின் துணையால் மீட்கத்தக்கவையே. எனினும் இணைக்குமுன் தனிப்படி ஒன்று எடுத்துவைப்பது அறிவுடைமை.

மூலம் ஒன்றாகவே இருக்கட்டும்; வெளியிடும் பக்கம் அதன் நிழலாக இருக்கட்டும். அப்போது தீவில் எழுதுபவரும் நகரில் படிப்பவரும் ஒரே கையேட்டையே நம்பி வேலை செய்ய இயலும்.