டுபாய் வரை நாலரை மணித்தியாலம், ஹட்டன் வரை எவ்வளவு?

கட்டுநாயக்கவுக்கும் டுபாய்க்கும் இடையிலான வான்வழித் தூரம் சுமார் 3,300 கிலோமீற்றர். விமானம் அதை ஏறக்குறைய நாலரை மணித்தியாலத்தில் கடக்கிறது. கட்டுநாயக்கவிலிருந்து ஹட்டனுக்கு நேர்கோட்டில் 90 கிலோமீற்றர்கூட இல்லை. ஆனால் அவிசாவளை, கித்துல்கல, கினிகத்தேனை என வளைந்து ஏறும் பாதையில் அது 130 கிலோமீற்றர் அளவுக்கு நீள்கிறது. பஸ்ஸில் நான்கு, ஐந்து மணித்தியாலம் ஆகும்.

தோட்டங்களிலிருந்து வளைகுடா நாடுகளுக்கு வீட்டு வேலைக்குச் சென்ற பெண்கள் பலர். தாயோ தகப்பனோ இறந்துவிட்டால், மகள் வரும்வரை உடலை வைத்திருக்கலாமா என்பதை லயத்தில் இருப்பவர்கள் முடிவு செய்தாக வேண்டும். அதற்குப் பயணச்சீட்டைச் சரியாக வாசிக்கத் தெரிய வேண்டும்.

பயணச்சீட்டில் உள்ள நேரங்கள் அந்தந்த நாட்டு நேரங்கள். டுபாய் நேரம் நம்முடையதைவிட ஒன்றரை மணித்தியாலம் பின்னால் இருக்கிறது. காலை 10.00 மணிக்கு அங்கே புறப்பட்டு மாலை 3.40க்குக் கட்டுநாயக்கவில் இறங்குவதாக இருந்தால், பறக்கும் நேரம் 5 மணி 40 நிமிடம் அல்ல, 4 மணி 10 நிமிடம்தான். போகும்போது எடுத்த நேரத்தைவிட இது குறைவாக இருப்பதற்குக் காற்றும் ஒரு காரணம். குளிர்காலத்தில் அரேபியப் பகுதிக்கு மேலே, விமானங்கள் பறக்கும் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்கு நோக்கிப் பலமான காற்று வீசும். அது திரும்பி வரும் விமானத்தைத் தள்ளிவிடுகிறது.

இனி முழுப் பயணத்தையும் கூட்டிப் பார்ப்போம். விமானத்துக்கு மூன்று மணித்தியாலம் முன்னதாக நிலையத்தில் இருக்க வேண்டும். 3.40க்கு இறங்கினால், குடிவரவு முடித்துப் பொதியை எடுத்து வெளியே வர 5 மணியாகும். ஹட்டனை அடையும்போது இரவு 10 மணி. அந்நேரத்தில் தோட்டத்துக்குப் பஸ் இராது, ஆட்டோதான். மழைக்காலத்தில் மண்சரிவு பாதையை மறித்தால் இந்தக் கணக்கும் பொய்த்துவிடும். இவை எல்லாவற்றுக்கும் முன்னால், வேலை செய்யும் வீட்டில் விடுப்பும் கடவுச்சீட்டும் கைக்கு வர வேண்டும். அதற்கு எந்த நேர அட்டவணையும் கிடையாது.

1977, 1983 வன்முறைகளின்போது மலையகத்திலிருந்து வன்னிக்குச் சென்ற குடும்பங்களுக்கும் கதை இதுதான். பலாலி 2019இல் சர்வதேச விமான நிலையமானது. ஆனாலும் அங்கிருந்து நேரடி விமானம் தமிழ்நாட்டுக்குத்தான். வளைகுடாவிலிருந்து வருபவர் கட்டுநாயக்கவில் இறங்கி, கிளிநொச்சிக்குச் சுமார் 300 கிலோமீற்றர் தரைவழியே வர வேண்டும்.

ஹட்டனுக்கு அருகே காசல்ரீ நீர்த்தேக்கத்தில் சுற்றுலாப் பயணிகளுக்காகச் சிறிய நீர்விமானங்கள் வந்திறங்கியிருக்கின்றன. கொழும்புப் பக்கமிருந்து சுமார் அரை மணித்தியாலப் பறப்பு. ஆகவே தூரம் பெரிதல்ல. சுற்றிலும் உள்ள தோட்டங்களில் இருந்து வெளிநாடு போனவர்களுக்கு அது கட்டுப்படியாகும் வழியல்ல. அவர்கள் இரவு பஸ்ஸில்தான் வந்து சேர்கிறார்கள். அதனால் ஊரில் உள்ளவர்கள் விமானம் இறங்கும் நேரத்தை அல்ல, மகள் லயத்து வாசலுக்கு வந்து சேரும் நேரத்தைக் கணக்கிட்டே அடக்கத்துக்கு நாள் குறிக்க வேண்டும்.