மணியோசை ஏன் அறுந்தது?

குழந்தைகளே, பள்ளி விடுமுறையில் நண்பர்களோடு சேர்ந்து ஒரு குறும்படம் எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இடம், திருவண்ணாமலை. அண்ணாமலையார் கோயிலின் 217 அடி ராஜகோபுரத்துக்கு எதிரே, பூக்கட்டும் பாட்டியும் பேத்தியும் பேசிக்கொள்ளும் காட்சி. பாட்டி பேசுவதைத் தனியாகவும் பேத்தி பேசுவதைத் தனியாகவும் எடுத்து ஒட்டுகிறீர்கள். போட்டுப் பார்த்தால் ஏமாற்றம்! பாட்டி பேசும்போது கோயில் மணி ‘டாண்...’ என்று ஒலிக்கிறது. பேத்தி வாயைத் திறந்ததும் மணியோசை பட்டென்று அறுந்து, பஸ் ஹாரன் வந்துவிடுகிறது.

படம் எடுக்கும்போது இது ஏன் உறைக்கவில்லை? காதுக்கு எல்லா ஓசையும் வந்தது. ஆனால், மூளை தனக்கு வேண்டியதை முன்னே நிறுத்தி, மற்றதைப் பின்னே தள்ளிவிட்டது. தீபத் திருவிழாக் கூட்டத்திலும் அம்மா கூப்பிடும் குரல் உங்களுக்குத் தெரிகிறதே, அதே வேலைதான். மைக்குக்கு மூளை கிடையாது. வருகிற ஓசையை எல்லாம் அது ஒன்றுபோல வாங்கிக்கொள்ளும்.

அதனால் ஒலிப்பதிவாளர்கள் ஓசைகளைத் தனித்தனியாகச் சேகரிக்கிறார்கள். பேச்சுக்கு, படத்தில் தெரியாதபடி வாய்க்குப் பக்கத்தில் மைக் வைப்பார்கள். திறந்தவெளியில் தூரம் இரண்டு மடங்கானால் ஒலியின் செறிவு நான்கில் ஒரு பங்காகிவிடும் அல்லவா? மணியோசையை, அதன் ரீங்காரம் அடங்கும்வரை தனியாகப் பதிவு செய்வார்கள். கடைசியாக, யாரும் பேசாமல் அசையாமல் நின்று, அந்த இடம் சும்மா இருக்கும்போது கேட்கிற சத்தத்தை அரை நிமிடமாவது எடுத்துக்கொள்வார்கள். அதைப் பாய் விரிப்பதுபோல வசனங்களுக்கு அடியில் விரித்துவிட்டால், ஒட்டுப்போட்ட இடம் தெரியாது.

தனித்தனியாக எடுத்த படத்தையும் ஒலியையும் எப்படிப் பொருத்துவது? அதற்குத்தான் கிளாப் பலகை. கட்டை மோதும் படத்தையும் ‘டக்’ ஓசையையும் ஒரே இடத்தில் வைத்தால் போதும். பலகை இல்லையா? கேமரா முன் ஒருமுறை கைதட்டுங்கள்.

மைக் தூரத்தில் இருந்தால் இங்கேயும் சிக்கல் வரும். ஒலி காற்றில் விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். சினிமாவில் ஒரு விநாடிக்கு 24 படங்கள். அப்படியானால் ஒரு படம் நகர்வதற்குள் ஒலி போவது சுமார் 14 மீட்டர்தான். 340 மீட்டர் தள்ளி நின்று மணி அடிப்பதைப் பதிவு செய்தால், ஓசை 24 படங்கள் தாமதமாக வந்து சேரும். எடிட்டிங்கில் அதை முன்னுக்கு நகர்த்த வேண்டியிருக்கும்.

சில ஓசைகளை நாமே செய்யலாம். கொட்டாங்கச்சி இரண்டைத் தரையில் தட்டினால் குதிரை ஓடும். முறத்தில் அரிசியைப் போட்டு, மெல்லச் சாய்த்துப் பாருங்கள், மழை பெய்யும்! மழை என்பது எண்ணற்ற துளிகள் முன்னும் பின்னுமாக விழும் ஓசை. அரிசிமணிகளும் அப்படித்தான் உருள்கின்றன. திரையில் மேகத்தைக் காட்டினால் மூளை இரண்டையும் சேர்த்து ‘மழை’ என்று முடிவு செய்துவிடும். இந்தக் கலைக்கு ‘ஃபோலி’ என்று பெயர். ஹாலிவுட்டில் இதை வளர்த்த ஜாக் ஃபோலியின் நினைவாக வந்த பெயர் அது.

ஓசையால் மனிதர்களையே உருவாக்கலாம். 2019இல் வந்த பார்த்திபனின் ‘ஒத்த செருப்பு சைஸ் 7’ படத்தில் திரையில் தெரிபவர் அவர் ஒருவர்தான். மற்றவர்கள் எல்லோரும் குரலாகவும் சத்தமாகவும் மட்டுமே வருகிறார்கள். அந்தப் படத்தின் ஒலிக்கலவைக்காக ரசூல் பூக்குட்டிக்குத் தேசிய விருது கிடைத்தது.

அடுத்த முறை கிரிவலம் போகும்போது, ஓரமாக ஒரு நிமிடம் நின்று கண்ணை மூடுங்கள். காதில் விழும் ஓசைகளை ஒவ்வொன்றாக நோட்டில் எழுதுங்கள். கேமராவைத் தொடுவதற்கு முன் முடிக்க வேண்டிய முதல் வேலை அதுதான்.