சாளேஸ்வரம் வந்தால் துப்பாக்கியைக் கீழே வைப்பதா?

2024-ல் பாரிஸ் ஒலிம்பிக்கில் 50 மீட்டர் ரைபிள் போட்டியில் வெண்கலம் வென்ற ஸ்வப்னில் குசாலே, அப்போது மத்திய ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகர். முப்பதைத் தொடாத இளைஞர். அந்த வயதில் கண் சொன்னபடி கேட்கும். ஆனால் இது இளைஞர்களுக்கு மட்டுமே உரிய விளையாட்டு அல்ல. சுவீடன் நாட்டு ஆஸ்கார் ஸ்வான் 1920-ல் ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் வெள்ளிப் பதக்கம் பெற்றபோது அவருக்கு வயது 72. உத்தரப் பிரதேசத்தின் ஜோஹ்ரி கிராமத்துச் சந்திரோ தோமர் பாட்டி, 60 வயதைத் தாண்டிய பிறகே துப்பாக்கி சுடக் கற்றார்.

ஆகவே, ஓய்வு நேரத்தில் ஏர் பிஸ்டல் சுட்டு வரும் ஒரு குமாஸ்தா, 45 வயதில் புள்ளிகள் குறையத் தொடங்கியதும், "கை நடுங்குகிறது, வயதாகிவிட்டது" என்று ஒதுங்கிவிட வேண்டியதில்லை. பல சமயம் கோளாறு கையில் இல்லை. மூக்கின் மேல் இருக்கிறது.

மூன்று தூரம், ஒரு கண்

பிஸ்டல் சுடுகிறவர் மூன்று பொருள்களை ஒரே கோட்டில் நிறுத்த வேண்டும்: கைப்பக்கம் உள்ள பின்குறி, குழல் நுனியில் உள்ள முன்குறி, 10 மீட்டருக்கு அப்பால் உள்ள இலக்கு. இலக்கின் நடுவில் உள்ள பத்துப் புள்ளி வட்டத்தின் குறுக்களவு 11.5 மில்லிமீட்டர்தான்.

இம்மூன்றையும் ஒரே நேரத்தில் துல்லியமாகக் காண எந்தக் கண்ணாலும் முடியாது. தெளிவாகத் தெரிய வேண்டியது முன்குறியே. இரு குறிகளுக்கும் இடையே 33 சென்டிமீட்டர் இருந்தால், அங்கே ஏற்படும் ஒரு மில்லிமீட்டர் பிசகு, இலக்கில் சுமார் 30 மில்லிமீட்டராகப் பெருகிவிடும். இலக்கு சற்று மங்கினால் பாதகமில்லை.

நாற்பதைக் கடந்ததும் கண்ணின் வில்லை இறுகுகிறது. கிட்டே உள்ளதைப் பார்க்கும் சக்தி குறைகிறது. இதுவே சாளேஸ்வரம். தூரப் பவர் கண்ணாடி போட்டால் இலக்கு பளிச்சென்று தெரியும், முன்குறி கலங்கும். படிக்கும் கண்ணாடியும் உதவாது. +2.00 பவர் அரை மீட்டரில் உள்ளதைத்தான் தெளிவாகக் காட்டும். முன்குறியோ அதற்கும் அப்பால் இருக்கிறது. இலக்கு முழுவதும் மங்கிப் போகும். இரட்டைப் பவர் கண்ணாடியில் படிக்கும் பகுதி கீழே இருப்பதால், தலையை அண்ணாந்து சுட நேரிடும்.

அளவு நாடா தேவை

டாக்டரிடம் போகுமுன், சுடும் நிலையில் நின்று, கண்ணிலிருந்து முன்குறி வரை உள்ள தூரத்தை இன்னொருவரைக் கொண்டு நாடாவால் அளக்கச் செய்து குறித்துக்கொள்ள வேண்டும். துப்பாக்கியை எடுத்துச் செல்ல வேண்டாம். அந்த அளவே போதும்.

குறி பார்க்கும் கண்ணின் தூரப் பவருடன் +0.50 அல்லது +0.75 சேர்ப்பது பொதுவான வழக்கம். தூரப் பவர் -2.00 உள்ளவருக்கு இது -1.50 அல்லது -1.25 ஆகும். சோதனைப் பிரேமில் இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டு, குறித்த தூரத்தில் ஒரு பென்சில் முனையைப் பிடித்துப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். முனை கூர்மையாகத் தெரிந்து, எதிர்ச்சுவரில் உள்ள கறுப்பு வட்டமும் கண்ணுக்குப் பிடிபட்டால் அதுவே சரியான பவர்.

பிரேம் விஷயம்

சுடுவதற்கென்றே விற்கும் பிரேம்களில் லென்ஸைத் திருப்பி, பார்வைக்கு நேராக நிறுத்தலாம். விலை அதிகம். தொடக்கத்தில் சாதாரண பிரேமில் ஒரே பவர் லென்ஸ் போட்டாலே போதும். ஆனால் லென்ஸின் நடுப்பகுதி வழியாகவே பார்க்க வேண்டும். ஈயத் துணுக்குகள் தெறிக்கக்கூடும் என்பதால், உடையாத பாலிகார்பனேட் லென்ஸ் நல்லது. மற்றக் கண்ணை இறுக மூடினால் முகம் களைத்துவிடும். அதன் முன் சிறு மறைப்பு வைத்துத் திறந்தே வைத்திருக்கலாம்.

பறக்கும் களிமண் தட்டுகளைச் சுடுகிறவர்களுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. அவர்கள் பார்ப்பது தட்டையே. தூரப் பவரே அவர்களுக்கு ஏற்றது.

முதலில் பரிசோதனை

சர்க்கரை நோயாளிகளுக்கு, ரத்தத்தில் சர்க்கரை ஏறி இறங்கினால் பவரும் மாறும். அது கட்டுப்பட்ட பிறகே கண்ணாடி வாங்க வேண்டும். விளக்கைச் சுற்றி வளையம் தெரிந்தாலோ, ஒரு கண்ணிலேயே உருவம் இரண்டாகத் தெரிந்தாலோ, அது கண்ணாடிக் கடையில் தீரும் விஷயம் அல்ல. கண்புரையோ கண் அழுத்தமோ இருக்கலாம். கண் டாக்டரைத்தான் பார்க்க வேண்டும். புரை அறுவை செய்துகொள்பவர்கள், எந்தப் பவர் வில்லை பொருத்துவது என்று முடிவாகும் முன்பே, தாம் துப்பாக்கி சுடுபவர் என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

ஆபீஸ் பைலுக்கு ஒரு கண்ணாடி, களத்துக்கு ஒரு கண்ணாடி என்று இரண்டு இருப்பது வீண் செலவு அல்ல. புதுத் துப்பாக்கி வாங்க யோசிக்கும் முன் செய்ய வேண்டிய செலவு அதுதான்.