இங்கிரிட் பெர்க்மன் முகம் ஏன் உப்பியது?

தொண்ணூறுகளில் திருவனந்தபுரத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கு ஒரு சிங்கத்தை நன்றாகத் தெரியும். ‘டாம் அண்ட் ஜெர்ரி’ தொடங்குமுன் கழுத்தைத் திருப்பிக் கர்ஜிக்கும் எம்.ஜி.எம். சிங்கம். கார்ட்டூன் முடிந்ததும் பிள்ளைகளைப் பாடப் புத்தகத்தின் பக்கம் விரட்டிவிட்டுப் பெரியவர்கள் அதே சேனல் முன்னால் உட்கார்ந்தால், அதே சிங்கம் இன்னொரு முறை கர்ஜிக்கும். இந்தத் தடவை அதன் பின்னால் வருவது பூனையும் எலியும் அல்ல, கிளார்க் கேபிளோ கிரேட்டா கார்போவோ.

1995 மே மாதம் இந்தியாவுக்குள் நுழைந்த கார்ட்டூன் நெட்வொர்க்கும் டி.என்.டி.யும் ஒரே சேனலில் ஒண்டுக்குடித்தனம் நடத்தின. பகலெல்லாம் கார்ட்டூன், பொழுது சாய்ந்தால் பழைய ஹாலிவுட். பிற்பாடு கார்ட்டூனின் பங்கு நீண்டுகொண்டே போய், சினிமா இரவு ஒன்பது மணிக்குத் தள்ளப்பட்டது. இரண்டுக்கும் சரக்கு வந்தது ஒரே கிடங்கிலிருந்து. 1986-ல் எம்.ஜி.எம்.மை வாங்கிய டெட் டர்னர், கொஞ்ச நாளில் கம்பெனியைத் திருப்பி விற்றுவிட்டுப் பழைய படங்களை மட்டும் கையில் வைத்துக்கொண்டார். அவற்றோடு 1950-க்கு முந்தைய வார்னர் படங்களும் சேர்ந்தே வந்தன. ‘கான் வித் த விண்ட்’, ‘விஸார்ட் ஆஃப் ஆஸ்’, ‘காஸாபிளாங்கா’, ‘மால்டீஸ் ஃபால்கன்’, ‘சிங்கிங் இன் த ரெய்ன்’ எல்லாம் அப்படித்தான் நம் வீட்டுக் கூடத்துக்கு வந்து சேர்ந்தன. 1945-ல் வந்த ‘ஆங்கர்ஸ் அவே’ படத்தில் ஜீன் கெல்லி நிஜமாகவே ஜெர்ரி எலியோடு சேர்ந்து ஆடுவார். பிள்ளைகளைப் படிக்க அனுப்ப முடியாமல் போன இரவு அதுவாகத்தான் இருக்கும். இப்போது பலரும் அந்தச் சேனலின் கணக்கில் எழுதிவைத்திருக்கும் ‘ரோமன் ஹாலிடே’ அங்கே வந்திருக்க வழியில்லை. அது பாரமவுண்ட் படம். தமிழில் ‘மே மாதம்’, மலையாளத்தில் ‘கிலுக்கம்’ என்று அதன் நிழலைத்தான் நாம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

திருவனந்தபுரத்துக்காரர்கள் பழைய ஆங்கிலப் படம் என்றால் ஏன் இப்படி உருகுகிறார்கள் என்று விசாரித்து எழுதச் சொன்னார் ஆசிரியர். விசாரிக்க அதிகமில்லை. தலைமைச் செயலகம், ஏஜி ஆபீஸ், தும்பா ராக்கெட் நிலையம், கல்லூரிகள் என்று வாழ்ந்து ஓய்வுபெற்றவர்கள் நிறைந்த ஊர் இது. ஆங்கிலம் தெரியும், இரவில் நேரம் இருக்கும். சினிமாவைச் சீரியஸாகப் பார்ப்பது இந்த ஊருக்குப் பழகிப்போன சங்கதி. 1965-லேயே அடூர் கோபாலகிருஷ்ணனும் நண்பர்களும் சேர்ந்து சித்ரலேகா ஃபிலிம் சொசைட்டியைத் தொடங்கினார்கள். 1977-ல் சூர்யா என்ற இன்னொரு சொசைட்டியும் வந்தது. டிசம்பர் பிறந்தால் கழுத்தில் அடையாள அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு தாகூர் தியேட்டருக்கும் கைரளிக்கும் நடுவே ஓடும் கூட்டம், கேரள சர்வதேசத் திரைப்பட விழாவுக்காக லீவு போட்டுவிட்டு வந்த கூட்டம்.

ஆனால் அந்தச் சபைகளில் ஹாலிவுட்டுக்கு என்றுமே பின்வரிசைதான். பேச்சு முழுக்க ஸ்வீடன், பிரான்ஸ், ஜப்பான், ஈரான். பாட்டும் ஆட்டமும் குதிரைச் சண்டையுமாக ஓடும் அமெரிக்கப் படத்தை ரசித்தேன் என்று அங்கே வாய்விட்டுச் சொல்வது கொஞ்சம் கௌரவக் குறைச்சல். அந்த ஆசையை யாருக்கும் தெரியாமல் தீர்த்துக்கொள்ள டி.வி. வசதி செய்துகொடுத்தது. கரமனை, வலியசாலை அக்ரஹாரத்துத் தமிழ் வீடுகளில் ஆங்கிலம் தெரியாத பாட்டிகளும் கூட உட்கார்ந்து பார்த்தார்கள். ‘காஸ்லைட்’ படத்தில், விளக்கு மங்குவதெல்லாம் உன் பிரமை என்று சொல்லிச் சொல்லியே மனைவியைப் பைத்தியமாக்கப் பார்ப்பான் ஒரு கணவன். அதைப் புரிந்துகொள்ள எந்தப் பாட்டிக்கு ஆங்கிலம் வேண்டும்? அந்த மனைவி வேடத்துக்குத்தான் இங்கிரிட் பெர்க்மனுக்கு முதல் ஆஸ்கார் கிடைத்தது.

இடைஞ்சலுக்கும் குறைவில்லை. அரை மணி நேர மின்வெட்டு கொலை நடக்கும் நேரம் பார்த்து வரும். துலாவர்ஷம் எனப்படும் ஐப்பசி மழைக்காலத்தில் சாயங்கால இடி முழங்கத் தொடங்கினால் வீட்டில் யாராவது ஓடிப்போய்க் கேபிள் ஒயரைப் பிடுங்கிவிடுவார்கள். கொலைகாரன் யார் என்று தெரியாமலே தூங்கப்போன இரவுகள் எத்தனையோ.

ஆசிரியர் கேட்ட கதை இவ்வளவுதான். என் கவலை வேறு.

போன மழைக்காலத்தில் கரமனையில் உறவினர் வீட்டுக்குப் போயிருந்தேன். சுவரில் ஐம்பத்தைந்து அங்குல டி.வி., அதில் ‘காஸாபிளாங்கா’. இங்கிரிட் பெர்க்மன் திரும்பிப் பார்க்கிறார், கன்னம் இரண்டும் பொன்னுக்குவீங்கி வந்தவர்போல உப்பிக் கிடக்கிறது. ஹம்ஃப்ரி போகார்ட் குட்டையாகி, தோள் மட்டும் பயில்வானுக்கு உரியதாகியிருந்தது. “அந்தக் காலத்து நடிகையெல்லாம் நல்ல புஷ்டிடா” என்றார் மாமா. “இல்லை மாமா, டி.வி. அவரைப் பிடித்து இழுத்திருக்கிறது” என்று ரிமோட்டை வாங்கிப் பொத்தானை அமுக்கினேன். பெர்க்மன் பெர்க்மனானார். படத்தின் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வந்து நின்றது. மாமாவின் முகம்தான் சுருங்கியது. “அம்பத்தஞ்சு இஞ்சுக்குக் காசு கொடுத்திருக்கேன். ரெண்டு பக்கமும் இருட்டா கிடந்தா எப்படி?” நான் வாசலைத் தாண்டுவதற்குள் படம் மறுபடி உப்பிவிட்டது.

மாமாவின் கேள்வியில் கணக்கு இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் படத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. மௌனப் பட நாட்களிலிருந்தே சினிமாச் சட்டகம் ஏறக்குறைய நாலுக்கு மூன்று. 1932-ல் ஹாலிவுட் அதை 1.37-க்கு 1 என்று நிலைப்படுத்தியது. அதற்குப் பிறகு இருபது ஆண்டுகளுக்கு அங்கே எடுத்த படங்கள் எல்லாமே கிட்டத்தட்ட இந்த அளவுதான். டி.வி. பிறந்தபோது சினிமாவைப் பார்த்துத்தான் தன் பெட்டியையும் நாலுக்கு மூன்றாகச் செய்துகொண்டது. ஆட்கள் தியேட்டரை விட்டுவிட்டு வீட்டிலேயே உட்கார ஆரம்பித்ததும் ஹாலிவுட் மிரண்டுபோய்த் திரையை அகலப்படுத்தியது. 1953-ல் ‘த ரோப்’ சினிமாஸ்கோப்பில் வந்தது. 1959-ல் ‘பென்ஹர்’ 2.76-க்கு 1 என்ற பேரகலத்துக்குப் போனது. சினிமாஸ்கோப்பில் தமிழுக்கு ‘ராஜராஜ சோழன்’ 1973-ல்தான் வந்தான், மலையாளத்துக்குத் ‘தச்சோளி அம்பு’ 1978-ல்.

பழைய பெட்டி டி.வி. இந்த அகலப் படங்களைக் கொன்றது உண்மை. பெட்டியை நிரப்பிக் காட்ட வேண்டுமென்றால் ‘பென்ஹர்’ தேரோட்டத்தில் பாதிக்கு மேல் வெளியே போய்விடும். ‘செவன் பிரைட்ஸ் ஃபார் செவன் பிரதர்ஸ்’ படத்தை 1954-ல் சினிமாஸ்கோப்பில் ஒரு தடவையும் சினிமாஸ்கோப் அல்லாத சட்டகத்தில் இன்னொரு தடவையுமாக இரண்டு முறை எடுத்தார்கள். ஏழு அண்ணன் தம்பிகளை வரிசையாக நிறுத்தி ஆடவிட்டுவிட்டு நாலு பேரை மட்டும் காட்ட முடியுமா? ஆனால் 1953-க்கு முந்தைய படங்களுக்கு அந்தக் குண்டுப் பெட்டிதான் சொந்த வீடு. டி.என்.டி.யில் ‘காஸாபிளாங்கா’ பார்த்தபோது படம் ஏறக்குறைய முழுசாக நம் முன் நின்றது. புள்ளி விழும் கேபிள், மங்கிய திரை, கரகரத்த ஒலி எல்லாம் சரிதான், உருவம் மட்டும் கெடவில்லை.

பிறகு டி.வி.யும் அகன்றது. எண்பதுகளில் அமெரிக்கப் பொறியாளர் கெர்ன்ஸ் பவர்ஸ் பழைய சட்டகத்துக்கும் சினிமாஸ்கோப்புக்கும் இடையே சமரசமாக 16-க்கு 9 என்ற அளவைக் கண்டுபிடித்தார். இன்று நம் சுவர்களில் தொங்குவது அந்தச் சமரசம்தான். நாலுக்கு மூன்று படத்தை அதில் இழுத்து நிரப்பினால் ஒவ்வொரு முகமும் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக அகலும். இழுக்காமல் பெரிதாக்கி நிரப்பினால் மேலும் கீழுமாக உயரத்தில் கால் பங்கு வெட்டுப்படும். இந்த இரண்டாவது வகை இன்னும் மோசம், ஏனென்றால் பார்ப்பவருக்குத் தெரியாது. முகம் உப்பாது, எதுவோ குறைகிறது என்ற உணர்வும் வராது. ஃப்ரெட் அஸ்டேர் தான் ஆடும்போது உச்சந்தலை முதல் பாதம் வரை முழு உடம்பும் சட்டகத்துக்குள் இருக்க வேண்டும் என்பதில் பிடிவாதக்காரர். அவர் ‘பேண்ட் வேகன்’ படத்தில் பூங்காவில் ஆடும் ஆட்டத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் பாதம் காணாமல் போகும். பாதம் இல்லாத அஸ்டேரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஜீன் கெல்லி மழையில் நீரைச் சிதறடிக்கும் காட்சியிலும் இதே அபாயம்தான்.

நோய் புதிதல்ல. 1967-ல் ‘கான் வித் த விண்ட்’ படத்தை எழுபது எம்.எம். அகலத்துக்காக மேலும் கீழும் நறுக்கித்தான் மறுவெளியீடு செய்தார்கள். 1998 மறுவெளியீட்டில் பழைய சட்டகம் திரும்ப வந்தது. எண்பதுகளில் கறுப்பு வெள்ளைப் படங்களுக்குக் கணினியால் வண்ணம் பூசியபோது அமெரிக்காவில் இயக்குநர்கள் கொதித்தெழுந்தார்கள், நாடாளுமன்றம் வரை போனார்கள். 1988-ல் தேசியத் திரைப்படப் பாதுகாப்புச் சட்டமே வந்தது. பூசிய வண்ணத்தையாவது டி.வி.யில் கலரைக் குறைத்துத் துடைத்துவிடலாம். வெட்டிய காலை எங்கே தேடுவது? வண்ணத்துக்காக எழுந்த கூச்சலில் பத்தில் ஒரு பங்குகூட இதற்காக எழவில்லை. நம் ஊரில் பேச்சே இல்லை. ‘பராசக்தி’யில் இருபத்து மூன்று, இருபத்து நாலு வயதுச் சிவாஜி ஒடிசலாக இருப்பார். அந்தச் சிவாஜியை இப்போது டி.வி.யில் பார்க்கும் பிள்ளைகள் அவரை முதல் படத்திலேயே நடுவயதுக்காரர் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பழைய தமிழ்ப் படங்களை அகலத்திரைக்கு மாற்றி விழா எடுத்து மறுவெளியீடு செய்யும்போது, மாற்றியதில் என்ன போயிற்று என்று யாரும் கேட்பதில்லை.

இன்னொரு தொல்லையும் சேர்ந்திருக்கிறது. புது டி.வி.க்கள் பல, கடையிலிருந்து வரும்போதே அசைவை வழவழப்பாக்கும் வசதியை முடுக்கிவிட்டே வருகின்றன. நொடிக்கு 24 சட்டகம் ஓடும் படத்தில் நடுநடுவே தானாகவே சட்டகங்களைச் செய்து செருகிவிடும். 1942-ல் எடுத்த படம் நேற்று எடுத்த சீரியல் மாதிரி ஆகிவிடும். 2018-ல் டாம் குரூஸே வீடியோ போட்டு அதை அணைத்துவையுங்கள் என்று கேட்டுக்கொண்டார். மறு ஆண்டு, படத்தை எடுத்தவர் எடுத்தபடி காட்டும் ‘ஃபிலிம்மேக்கர் மோட்’ என்ற அமைப்பை டி.வி. தயாரிப்பாளர்களும் ஸ்டூடியோக்களும் சேர்ந்து அறிவித்தார்கள்.

இப்போது எல்லாம் ஓ.டி.டி.யில் இருக்கிறதே என்பார்கள். புதுப் படங்கள் இருக்கின்றன. பழையதில் பொறுக்கியெடுத்த சில இருக்கும், அவையும் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும். சேனல்களும் ஒவ்வொன்றாகப் போயின. டி.என்.டி. டி.சி.எம். ஆகிப் பின்னர் இல்லாமலே ஆனது. எச்.பி.ஓ.வும் டபிள்யூ.பி.யும் 2020 டிசம்பர் 15 அன்று இந்தியாவில் நின்றன. ஆனால் இந்த ஊர் சும்மா இருக்கவில்லை. இங்கிருந்து இயங்கும் அரசுக் கல்விச் சேனலான விக்டேர்ஸ், மலையாளத் துணைத்தலைப்போடு உலக கிளாசிக் படங்களை ஒளிபரப்பியது. 2012-ல் தொடங்கிய எம்-சோன் குழுவினர் காசு வாங்காமல் ஆயிரக்கணக்கான படங்களுக்கு மலையாள வரிகளை எழுதியிருக்கிறார்கள். தமிழில் அந்த அளவுக்கு ஒரு குழு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. 2024 மார்ச்சில் கேரள அரசு சி-ஸ்பேஸ் என்ற சொந்த ஓ.டி.டி.யையே திறந்துவிட்டது. இத்தனை செய்பவர்கள், பழைய படத்தைப் பழைய சட்டகத்திலேயே காட்டுவது என்று ஒரு விதியையும் எழுதிவைத்துக்கொண்டால் மற்ற மாநிலங்களுக்கு முன்மாதிரியாக இருக்கும்.

அதுவரை நாமே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். படத்தில் வட்டமான பொருள் ஒன்றைத் தேடுங்கள். ‘காஸாபிளாங்கா’ என்றால் தொடக்கத்திலேயே பூமி உருண்டை சுழலும். மற்றப் படங்களில் கடிகாரம், கார்ச் சக்கரம் எதுவானாலும் சரி. வட்டம் முட்டையாகத் தெரிந்தால் படத்தை இழுத்திருக்கிறார்கள். ரிமோட்டில் படத்தின் அளவை மாற்றும் இடத்துக்குப் போய் 4:3 என்று வையுங்கள், அல்லது செட்டாப் பாக்ஸ் மெனுவில் மாற்றுங்கள். மாற்றியபின் முகம் ஒல்லியாகிவிட்டால் சேனல் சரியாகத்தான் அனுப்புகிறது, பழையபடியே விட்டுவிடுங்கள். தலையும் காலும் வெட்டுப்பட்டே வந்தால் எந்தப் பொத்தானும் உதவாது. அதற்கு, எந்தப் படம், எந்த நாள், எத்தனை மணி என்று குறிப்பிட்டுச் சேனலுக்கு நாலு வரி எழுதிப் போடுவதுதான் வழி. தயவுசெய்து எழுதுங்கள்.